ஃப்ளஷ் அழுத்தினால் போகவில்லையா? வேலூர்ப் பக்கத்து வீடுகளுக்கான கேள்வி பதில்கள்

டாய்லெட் சரியாக இழுக்கவில்லை என்றதும் நம் ஊரில் பலரும் முதலில் செய்வது கோப்பையை மாற்றுவது. டைல்ஸை உடைத்து, இரண்டு நாள் வீட்டில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டுக்குப் போய் வந்து, புதுக் கோப்பை வைத்த பிறகும் அதே பழைய கதை. பெரும்பாலான வீடுகளில் குறை கோப்பையில் இருப்பதே இல்லை. ஃப்ளஷ் டேங்க், உப்பு, பைப், செப்டிக் டேங்க் இவற்றில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும். எதில் என்று காசு செலவில்லாமல் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம், ராணிப்பேட்டை, குடியாத்தம் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஃப்ளஷ் சரியாக இழுக்கவில்லை. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஒரு வாளித் தண்ணீர். அவ்வளவுதான். வாளியில் முக்கால் அளவு, அதாவது 8 முதல் 10 லிட்டர் வரை எடுத்துக்கொண்டு, முழங்கால் உயரத்திலிருந்து கோப்பையின் நடுவில் ஒரே மூச்சில் ஊற்றுங்கள். மக்கில் மொண்டு மொண்டு ஊற்றினால் எதுவும் தெரியாது. தண்ணீர் சுழன்று சடாரென்று கீழே இறங்கிவிட்டால் உங்கள் பைப், சேம்பர் (கழிவுப் பைப் வந்து சேரும் மூடி போட்ட சின்னத் தொட்டி), செப்டிக் டேங்க் எல்லாம் நன்றாக இருக்கின்றன, கோளாறு ஃப்ளஷ் டேங்கிலோ கோப்பையின் விளிம்புத் துளைகளிலோ இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் மேலே ஏறி, நின்று, மெதுவாக இறங்கினால் அடைப்பு கீழே இருக்கிறது, டேங்கைக் குடைவதில் பலன் இல்லை. பிளம்பரைக் கூப்பிடும் முன் இதைச் செய்து பார்த்து அவரிடம் சொல்லிவிட்டால், அவர் தேவையில்லாத இடத்தைத் திறக்க மாட்டார், உங்கள் செலவும் குறையும். வீட்டில் வயதானவர்கள்தான் இருக்கிறார்கள், வாளி தூக்க முடியாது என்றால் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டாவது இதை முதலில் செய்யுங்கள்.

வாளியில் ஊற்றினால் போகிறது, பட்டனை அழுத்தினால் போகவில்லை. ஏன்?

டேங்க் மூடியைக் கழற்றுங்கள். பட்டன் வைத்த டேங்காக இருந்தால் பட்டனைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருகி எடுத்த பிறகுதான் மூடி வரும், இழுத்து உடைத்துவிடாதீர்கள். உள்ளே நடுவில் நேராக நிற்கும் குழாய்தான் ஓவர்ஃப்ளோ. தண்ணீர் அதன் வாய்க்கு ஒரு இஞ்ச் கீழே வரை நிற்க வேண்டும். அதற்கும் கீழே நின்றால் மிதவையின் திருகைத் திருப்பி மட்டத்தை உயர்த்துங்கள்.

அடுத்து, யாராவது பட்டனை அழுத்தட்டும், நீங்கள் உள்ளே பாருங்கள். வால்வு முழுதாக எழும்பி, தண்ணீர் பெரும்பாலும் வடியும் வரை திறந்தே இருக்க வேண்டும். பாதி எழும்பி உடனே உட்கார்ந்துவிட்டால் பட்டனுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் தண்டின் நீளம் சரியாக இல்லை, அதைத் திருகி நீட்டினாலே போதும். இரட்டைப் பட்டன் டேங்கில் சின்னப் பட்டன் 3 லிட்டர், பெரிய பட்டன் 6 லிட்டர் என்பதுதான் பொதுவான கணக்கு. எல்லாவற்றுக்கும் சின்னதையே அழுத்திவிட்டு இழுக்கவில்லை என்று சொல்லும் வீடுகளும் இருக்கின்றன.

இன்னொன்று, காலையில் முதல் ஆளுக்கு நன்றாகப் போகிறது, அடுத்த ஆளுக்குப் போகவில்லை என்றால் டேங்க் நிரம்ப நேரம் எடுக்கிறது. ஆங்கிள் காக்கை, அதாவது டேங்குக்கு வரும் தண்ணீரை நிறுத்தும் சின்னக் குழாயை, மூடிவிட்டு, டேங்குக்குத் தண்ணீர் ஏறும் இணைப்புப் பைப்பைக் கழற்றிப் பாருங்கள். அங்கே விரல் நுனி அளவில் ஒரு சல்லடை இருக்கும். போர் தண்ணீர் ஓடும் வீடுகளில் அதில் மணலும் வெள்ளை உப்பும் சேர்ந்து காரை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டினால் டேங்க் பழையபடி வேகமாக நிரம்பும்.

டேங்க் ஒழுகுகிறதா என்று தெரிய வேண்டுமானால் டேங்கில் நாலு சொட்டு நீலம் விட்டு, இருபது நிமிடம் யாரும் போகாமல் விட்டுப் பாருங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் அடி வாஷர் போய்விட்டது. வாஷர் விலை சொற்பம், ஆனால் அது ஒழுகும் தண்ணீர் கொஞ்ச நஞ்சமல்ல, மோட்டார் கரண்ட் வேறு.

எங்கள் போர் தண்ணீர் கடும் உப்பு. அதனால் ஃப்ளஷ் குறையுமா?

கண்டிப்பாகக் குறையும், நம் ஊரில் இதுதான் யாரும் யோசித்துப் பார்க்காத காரணம். பாலாற்றில் வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் மணல்தான், குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்தாலும் பாத்ரூமுக்கு ஓடுவது போர் தண்ணீர். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அந்த உப்பு கோப்பையின் விளிம்புக்கு அடியில் இருக்கும் துளைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து வாயை அடைத்துவிடும். மேலிருந்து பார்த்தால் கோப்பை பளிச்சென்று இருக்கும். ஒரு சின்ன முகக் கண்ணாடியை விளிம்புக்கு அடியில் பிடித்து, செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய துளைகள் மஞ்சள் பொருக்குத் தட்டி, சில இடங்களில் ஊசி முனை அளவுக்குச் சுருங்கி, சிலது இருந்த இடமே தெரியாமல் போயிருக்கும். ஃப்ளஷ் அழுத்தும்போது தண்ணீர் சுற்றிலும் இறங்காமல் ஒரு பக்கமாக மட்டும் ஒழுகினால் இதுவேதான்.

சரி செய்வது எளிது, பொறுமை வேண்டும். ஆங்கிள் காக்கை மூடி ஃப்ளஷ் செய்து டேங்கைக் காலி செய்யுங்கள். கடையில் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட் தூள், வாங்கி 100 கிராமை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் மீதி வைத்துக்கொண்டு, டேங்கில் இருக்கும் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக மெதுவாக ஊற்றுங்கள். அந்தக் குழாய் நேராக விளிம்புத் துளைகளுக்குத்தான் போகிறது. மீதிக் கரைசலில் பழைய துணியை நனைத்து விளிம்புக்கு அடியில் சுற்றிலும் அடைத்து, இரவு முழுக்க விடுங்கள். காலையில் ஈர்க்குச்சியை ஒவ்வொரு துளையிலும் விட்டுக் குத்தினால் பொருக்கு உதிரும். கம்பி வேண்டாம், பீங்கானின் மெருகு போனால் அந்த இடத்தில் அழுக்கும் உப்பும் இன்னும் சீக்கிரம் பிடிக்கும். பல வருடப் படிவாக இருந்தால் ஒரு இரவில் முழுதாக வராது, அடுத்த வாரமும் செய்யுங்கள். விளிம்பே இல்லாத புது மாடல் கோப்பைகளில் இந்தத் துளைகள் கிடையாது, போர் தண்ணீர் வீடுகளுக்கு அது நல்ல தேர்வு.

பாத்ரூம் கழுவும் ஆசிட் ஊற்றினால் ஒரே நாளில் போய்விடுமே?

உப்பு போகும், கூடவே டைல்ஸ் இடுக்குச் சிமெண்ட்டும் குழாயின் உலோகப் பாகங்களும் அரிக்கும், செப்டிக் டேங்கில் கழிவை மக்க வைக்கும் நுண்ணுயிர்களும் சாகும். அதைவிட முக்கியம், ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஜன்னல் சின்னதாக இருக்கும் பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. கடையில் வாங்கும் டாய்லெட் கிளீனர் பலவற்றிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான், அதனால் அதற்கும் இதே விதி. கொதிக்கும் தண்ணீரும் வேண்டாம், பீங்கான் விரிசல் விடும்.

வாளி ஊற்றினால் தண்ணீர் மேலே ஏறுகிறது. என்ன செய்வது?

முதலில் ஃப்ளஷ்ஷை மறுபடி மறுபடி அழுத்துவதை நிறுத்துங்கள், தரையெல்லாம் வழியும். வீட்டுக்குப் பின்னாலோ பக்கச் சந்திலோ இருக்கும் சேம்பர் மூடியைத் திறந்து பாருங்கள். சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு கோப்பைக்கும் சேம்பருக்கும் நடுவில். சேம்பர் தளும்பி நின்றால் அடைப்பு அதற்கு அப்பால், செப்டிக் டேங்க் பக்கம் அல்லது தெருப் பாதாளச் சாக்கடைப் பக்கம். இந்த ஒரு பார்வையில் பாதி வேலை முடிந்தது.

நடுவில்தான் என்றால் ரப்பர் கிண்ணம் வைத்த பிளஞ்சரை எடுங்கள். ரப்பர் முழுகும் அளவுக்குக் கோப்பையில் தண்ணீர் இருக்க வேண்டும். முதல் அழுத்தம் மெதுவாக, காற்று வெளியேறட்டும், பிறகு இழுப்பதில்தான் பலம் காட்ட வேண்டும். பலரும் அழுத்துவதில் பலம் காட்டி அடைப்பை இன்னும் உள்ளே தள்ளிவிடுகிறார்கள். அதிலும் வரவில்லை என்றால் பிளம்பர் அடைப்பெடுக்கும் ஸ்பிரிங் கம்பி விட வேண்டும். நாப்கின், குழந்தைகளைத் துடைக்கும் ஈரத் துணி, ஷாம்பு பாக்கெட், பினாயில் பாட்டில் மூடி, பல்துலக்கும் பிரஷ், இவைதான் வெளியே வரும் சாமான்கள். ஈரத் துணிப் பாக்கெட்டில் என்ன போட்டிருந்தாலும் அது காகிதம் மாதிரி கரையாது.

அடைப்பு எடுத்த பிறகும் மாதம் ஒருமுறை திரும்பி வந்தால் பைப்பின் வாட்டம் தப்பு. நாலு இஞ்ச் பைப்புக்கு 10 அடி நீளத்தில் 2 முதல் 3 இஞ்ச் இறக்கம் வேண்டும். நேர் 90 டிகிரி எல்போ போட்ட இடங்களில் இரண்டு 45 டிகிரி பெண்டாக மாற்றினால் கழிவு முட்டி நிற்காது.

ஃப்ளஷ் செய்தால் களகளவென்று சத்தம், பிறகு நாற்றம். ஏன்?

காற்றுக் குழாய் அடைத்திருக்கும். செப்டிக் டேங்கிலிருந்து மொட்டை மாடி வரை போகும் குழாயின் தலையில் கொசு வராமல் இருக்க வலைத்துணி கட்டுவது நம் ஊர்ப் பழக்கம், நல்ல பழக்கம்தான். ஆனால் கட்டியதோடு மறந்துவிடுகிறோம். இரண்டு கோடை போனால் அந்தத் துணியில் புழுதியும் சிலந்தி வலையும் ஒட்டடையும் சேர்ந்து, தொட்டால் மொரமொரவென்று அட்டையாகவே ஆகிவிடும், காற்று துளியும் போகாது. காற்று போக வழியில்லாவிட்டால் கோப்பையின் வளைவில் நிற்க வேண்டிய 2 இஞ்ச் தண்ணீரை ஃப்ளஷ் இழுத்துக்கொண்டு போய்விடும், நாற்றம் வீட்டுக்குள் வரும். துணியைக் கழற்றிப் புதிதாகக் கட்டுங்கள். செலவு ஒரு முழம் வலை.

மே மாதத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய் வந்தால் வரும் நாற்றம் வேறு. வேலூர் வெயிலில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். கிளம்பும் முன் கோப்பையில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது.

செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

கீழ் வீட்டு டாய்லெட்தான் முதலில் சொல்லும். மேல் மாடியில் ஃப்ளஷ் செய்தால் கீழே குமிழி வரும், குளியலறைத் தண்ணீரும் மெதுவாகப் போகும், டேங்க் மூடியைச் சுற்றி ஈரம் கசியும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்துவிடுவது நல்லது, நிறையும் வரை காத்திருந்தால் கசடு, டேங்க் தண்ணீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சு குழிக்குள் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும், அப்புறம் குழியையே புதிதாகத் தோண்ட வேண்டும். டேங்க் நிறையாமலே நிறைந்த மாதிரி காட்டுவதும் உண்டு. டேங்குக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் 'T' வடிவப் பைப்பில் மேலே மிதக்கும் கட்டி அடைத்திருக்கும், நீளக் கழியால் வெளியிலிருந்தே தள்ளிவிட்டால் தீர்ந்துவிடும்.

ஒன்றை மனசார வேண்டிக் கேட்கிறேன். யாரையும் டேங்குக்குள் இறக்காதீர்கள். "ரெண்டு நிமிஷ வேலை சார், இறங்கி எடுத்துடறேன்" என்று அவரே சொன்னாலும் கூடாது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஆளை ஒரு மூச்சில் மயக்கிப் போட்டுவிடும், காப்பாற்றக் குனிந்தவரும் விழுந்து இரண்டு மூன்று பேராகச் செத்த செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம், அது இறக்கச் சொன்ன வீட்டுக்காரரையும் பிடிக்கும். மாநகராட்சி, நகராட்சி உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்கள், 14420 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. லாரி எடுத்த கழிவை எங்கே கொட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். ஏரியிலோ பாலாற்றுக் கரையிலோ கொட்டினால் அது நம் போருக்கே திரும்பி வரும்.

மழைக் காலத்தில் மட்டும் இழுக்கவில்லை, கோடையில் நன்றாக இருக்கிறது.

உறிஞ்சு குழியைச் சுற்றியுள்ள மண் தண்ணீரில் ஊறிவிட்டால் அது வேறு தண்ணீரை ஏற்காது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனபோது பல தெருக்களில் இதுதான் நடந்தது. லாரியை வைத்து எடுத்தாலும் இரண்டு நாளில் ஊற்று நீர் நிரம்பிவிடும், காசு வீண். துணி துவைக்கும் தண்ணீரையும் குளிக்கும் தண்ணீரையும் செப்டிக் டேங்க்குக்குப் போகாமல் தனியாகத் தோட்டத்துக்குத் திருப்புங்கள், அதுவே பெரிய நிம்மதி. தெருவில் பாதாளச் சாக்கடை வந்திருந்தால் இணைப்பு வாங்கிவிடுங்கள். ரோடு மேல் ரோடு போட்டு வீடு பள்ளமாகிவிட்ட தெருக்களில் இணைப்புக் கொடுக்கும் முன் மட்டம் பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் வரும்.

தண்ணீர் மிச்சம் பிடிக்க டேங்கில் பாட்டில் போட்டு வைத்திருக்கிறோம். தப்பா?

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனதைப் பார்த்த வட்டாரம் நம்முடையது, தண்ணீரின் அருமை தெரிந்து செய்கிறீர்கள். பழைய 10 லிட்டர் டேங்கில் ஒரு லிட்டர் பாட்டில் பரவாயில்லை. 6 லிட்டர் டேங்கில் போட்டால் ஒரு ஃப்ளஷ்ஷுக்குப் பதில் இரண்டு அடிக்க வேண்டிவரும். எடுத்துவிடுங்கள். செங்கல் எந்த டேங்கிலும் வேண்டாம், கரைந்து வால்வில் உட்காரும்.

புது வீடு, குடிபோய் ஒரு மாதம்தான். அதற்குள் அடைப்பு.

கட்டும்போது விழுந்த சிமெண்ட் கலவையும் டைல்ஸ் துண்டும் பைப்பில் உறைந்து கிடக்கும். சேம்பரைத் திறந்து வைத்து மேலே வாளி வாளியாக ஊற்றி என்ன வருகிறது என்று கொத்தனார் முன்னாலேயே பாருங்கள். அவருடைய கணக்கு முடிக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

தோட்டப்பாளையத்தில் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருபவர்களுக்கு வீடு விடுகிறோம். மாதம் தவறாமல் அடைப்பு.

ஆள் மாறிக்கொண்டே இருக்கும் வீட்டில் சொல்லிப் பயனில்லை, சாமான் வைத்தால்தான் பயன். டாய்லெட்டுக்குள்ளேயே மூடி போட்ட குப்பைத் தொட்டி ஒன்று, சுற்றிப் போடப் பழைய பேப்பர் கொஞ்சம். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருபவர்கள் நிறைய, அதனால் வங்காள மொழியிலும் இந்தியிலும் ஒரு வரி எழுதி ஒட்டுங்கள். நோயாளியைக் கவனித்துக்கொண்டு களைத்துப் போய் இருப்பவர்கள், தொட்டி கண்ணெதிரே இருந்தால் அதில்தான் போடுவார்கள்.

அம்மாவுக்கு முட்டி வலி. இந்தியன் டாய்லெட்டை வெஸ்டர்னாக மாற்றினோம், அதிலிருந்து இழுக்கவே இல்லை.

இதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன், காரணம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றே. இந்தியன் கோப்பைக்குத் தரைக்கு அடியில் தனியாக ஒரு வளைவு, டிராப், இருக்கும். வெஸ்டர்ன் கோப்பைக்கு வளைவு அதன் உடம்பிலேயே இருக்கிறது. பழைய டிராப்பை எடுக்காமல் அதன் மேலேயே வெஸ்டர்னை உட்கார வைத்தால் ஒரே பாதையில் இரண்டு வளைவு, இரண்டிலும் தண்ணீர், நடுவில் காற்று மாட்டிக்கொண்டு வெளியே போக வழியில்லாமல் ஃப்ளஷ் தண்ணீரைத் தடுக்கும். எத்தனை லிட்டர் டேங்க் வைத்தாலும் தீராது. தரையைத் திறந்து பழைய டிராப்பை எடுத்துவிட்டு, நாலு இஞ்ச் பைப்பை நேராகக் கொண்டுவர வேண்டும். மேல் மாடியாக இருந்தால் தரையைத் திறந்த கையோடு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சும் மறுபடி அடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் கீழ் வீட்டு சீலிங் ஊறும். வேலை முடியும் வரை அம்மாவுக்கு, வேறு இந்தியன் டாய்லெட் இருந்தால் அதன் மேல் வைக்கும் கம்மோடு நாற்காலி வாங்கிக் கொடுங்கள். மாற்றும்போதே சுவரில் கைப்பிடிக் கம்பியும் போட்டுவிடுங்கள். எழுந்திருக்கும்போது ஃப்ளஷ் டேங்கைப் பிடித்து எழுவார்கள், டேங்க் ஆடி ஒழுக ஆரம்பிப்பது அதனால்தான்.

கோப்பையை உண்மையிலேயே எப்போது மாற்ற வேண்டும்? எதை வாங்குவது?

விரிசல் விட்டிருந்தால், மெருகு போய் எவ்வளவு தேய்த்தாலும் கறை பிடித்தால், விளிம்புத் துளைகள் இனி திறக்காது என்ற நிலை வந்தால், மாற்றுங்கள். ராணிப்பேட்டையிலேயே பேரிவேர் தொழிற்சாலை இருக்கும் ஊர்ப்பக்கம் நம்முடையது, கோப்பைக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடைக்குப் போகும் முன் அளவு எடுங்கள். கழிவு தரையில் இறங்குகிறதா, அப்படியானால் எஸ் டிராப், டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து பைப்பின் நடுப்புள்ளி வரை எத்தனை இஞ்ச் என்று குறித்துக்கொள்ளுங்கள். 4, 9, 12 இஞ்ச் என்று மாடலுக்கு மாடல் மாறும். சுவருக்குள் போகிறது என்றால் பி டிராப், தரையிலிருந்து பைப்பின் உயரம் வேண்டும். அளவு தப்பான கோப்பையை வாங்கிவிட்டு நடுவில் வளைந்த பைப் போட்டு ஒட்ட வைத்தால் அந்த வளைவிலேயே கழிவு நிற்கும். டேங்க் இல்லாமல் சுவரில் அழுத்தும் ஃப்ளஷ் வால்வு வேண்டுமென்றால் மொட்டை மாடித் தொட்டி நல்ல உயரத்தில் இருக்க வேண்டும். தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மேல்மாடி பாத்ரூமில் அது சரிப்படாது, டேங்க் வைத்ததே வாங்குங்கள்.

மாட்டும்போது பிளம்பரிடம் எதைக் கவனிக்க வேண்டும்?

கோப்பையின் வாயைப் பைப்போடு ரப்பர் கனெக்டர் போட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். சிமெண்ட் கலவையால் சேர்த்தால் அது உள்ளே பிதுங்கி வழியைக் குறுக்கும், நாளைக்குக் கழற்ற வேண்டுமானால் கோப்பையை உடைத்துத்தான் எடுக்க முடியும். தரையோடு திருகாணி போட்டு, ரசமட்டம் வைத்து, சுற்றிலும் சிலிகான். சிலிகான் காய 24 மணி நேரம் விடுங்கள். காசு கொடுக்கும் முன் டாய்லெட் பேப்பரை நாலைந்து உருண்டையாகச் சுருட்டிப் போட்டு ஒரே ஃப்ளஷ்ஷில் எல்லாம் போகிறதா, சேம்பரில் வந்து விழுகிறதா என்று அவர் இருக்கும்போதே பாருங்கள்.